அடுக்களைக் குழாய் அடைப்பு: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிங்க்கில் தண்ணீர் தேங்குவதைப் பற்றியவை. அவற்றுள் ஒரே செய்தியைத் திரும்பக் கேட்பவற்றைத் தவிர்த்து, ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தக்கலையிலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீடு கட்டி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆவணி மாதம் தொடங்கி அடுக்களை சிங்க்கில் தண்ணீர் சரியாக இறங்குவதில்லை. காலையில் பாத்திரம் கழுவினால் மதியம் வரை தேங்கி நிற்கிறது. ஆப்பச்சோடாவும் வினிகரும் ஊற்றினோம், நுரைத்ததோடு சரி. கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் தூளைப் போட்டால் இரண்டு நாள் இறங்குகிறது, மூன்றாம் நாள் பழையபடி நிற்கிறது. கழிப்பறை கழுவும் ஆசிடை ஊற்றிப் பார்க்கலாம் என்கிறார் கணவர். கொதிக்கிற கஞ்சித் தண்ணீரை ஊற்றினாலே போதும் என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அம்மா, ஆசிடை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம். இதை இன்றே உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் போட்ட தூளில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. அது தண்ணீரில் கரையும்போதே கடுமையாகச் சூடேறும். அடைப்பின் மேல் தேங்கி நிற்கும் அந்தக் காரநீரில் ஆசிடைக் கொட்டினால் அது ஒரே நொடியில் கொதித்துக் குழாய்வாய் வழியாக முகத்தை நோக்கித் தெறிக்கும். பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் சாத்திய சிறிய அடுக்களையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். காஸ்டிக்கோ ஆசிடோ கண்ணிலோ தோலிலோ பட்டுவிட்டால் எண்ணெய், மஞ்சள், பற்பசை எதையும் தடவாமல், குழாய்த் தண்ணீரை இருபது நிமிடங்களுக்குக் குறையாமல் ஓடவிட்டுக் கழுவுங்கள். பிறகு தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கண்ணில் பட்டிருந்தால், அருகிலுள்ள மருத்துவரிடம் காட்டியதோடு நிற்காமல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கே போய்விடுவது நல்லது.

ஆப்பச்சோடாவும் வினிகரும் ஒன்று காரம், மற்றொன்று அமிலம். இரண்டும் ஒன்றையொன்று தணித்துக்கொண்டு, கரியமில வாயுவை நுரையாக விட்டபின், ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீராகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் வலிமை அந்த நீருக்கு இல்லை. கஞ்சித் தண்ணீரோ அடைப்புக்கு இன்னும் தீனி போடும். மரச்சீனி மாவில் பசை காய்ச்சியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: சூடாக இருக்கும்போது நீர்போல ஓடுகிற மாவுச்சத்து, ஆறியதும் பிடித்த இடத்தை விடாது. கொதிநீரிலும் ஒரு கெடுதல் உண்டு. நம் வீடுகளில் பதிக்கப்படும் பிவிசி குழாய் ஏறத்தாழ 75, 80 டிகிரி வெப்பத்திலேயே நெகிழத் தொடங்கும். நூறு டிகிரித் தண்ணீரை அடிக்கடி ஊற்றினால் இணைப்புகள் கோணிக்கொள்ளும், அடைப்பும் அசையாமல் அங்கேயே இருக்கும். மாமியார் சொன்னது அந்தக் காலத்துத் திறந்த ஓடைக்குப் பொருந்தியிருக்கலாம்.

அடைப்பு என்பது என்ன என்று கண்ணால் பார்த்தால் இந்த வைத்தியங்கள் ஏன் பலிக்கவில்லை என்பது விளங்கிவிடும். திருவட்டாறு பக்கம் ஒரு வீட்டில், வேறு வழியில்லாமல் நான்கடி நீளக் குழாயை அறுத்து வெளியே எடுத்தோம். இரண்டு அங்குலக் குழாய். உள்ளே சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை மிஞ்சியிருந்தது. சுற்றிலும் சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில், மரத்தின் ஆண்டு வளையம்போல் அடுக்கடுக்காக ஏதோ படிந்திருந்தது. கத்தியால் கீறிப் பார்த்தபோது நடுவே கடுகும், கறிவேப்பிலை நரம்பும், தேங்காய்த் துருவலும், ஒரு நெத்திலி முள்ளும் பதிந்து கிடந்தன. விரலால் தேய்த்தால் மெழுகுக்கும் சவர்க்காரத்துக்கும் இடைப்பட்ட வழவழப்பு. அந்த வீட்டம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆறு வருசத்துச் சமையலும் இதுக்குள்ள இருக்கே" என்றார். அவர் சொன்னது முழு உண்மை.

நம் குமரி மாவட்டத்துச் சமையலில் தேங்காயும் தேங்காயெண்ணெயும் இல்லாத நாளே கிடையாது. தேங்காயெண்ணெய் 24 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். மார்கழி, தை மாதக் காலைகளில் குப்பிக்குள் வெள்ளையாய்க் கட்டிபட்டு நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாட்டுக் கொழுப்போ 40 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். சட்டி கழுவும் சூட்டில் திரவமாக இறங்கும் கொழுப்பு, பத்தடி தள்ளிக் குளிர்ந்த குழாயில் ஒட்டிக்கொள்கிறது. கடினநீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு அது காலப்போக்கில் சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒருவகைச் சோப்பாக இறுகுகிறது. லண்டன் மாநகரின் வைட்சேப்பல் பகுதியில் 2017ஆம் ஆண்டு பாதாளச் சாக்கடையை அடைத்துக் கிடந்த 250 மீட்டர் நீள, 130 டன் எடையுள்ள கட்டியிலும் முக்கியப் பங்கு இப்படி இறுகிய சமையல் கொழுப்புக்கே. உங்கள் குழாயில் இருப்பதும் அதே வகைதான். இதோடு முன்பு குழாய்க்குப் போகாத பொருளும் இப்போது போகிறது. அரிசி கழுவிய நீரும், வடித்த கஞ்சியும், தோசை மாவுப் பாத்திரம் அலசிய நீரும் கழுநீர்ப் பானைக்குப் போய்ப் பசுவுக்கு உணவாகின. வீட்டில் பசு இல்லாமற் போனபின் அத்தனையும் சிங்க்கில் இறங்குகின்றன. கொழுப்பு ஒட்டிக்கொள்கிறது, மாவு அதன்மேல் பூசிக்கொள்கிறது, தேங்காய்ச் சக்கையும் தேயிலைத் தூளும் அந்தப் பூச்சில் கல்போலப் பதிகின்றன. காஸ்டிக் தூள் இதன் நடுவே சிறு துளையிட்டுக்கொண்டு போய்விடுவதால்தான் உங்களுக்கு இரண்டு நாள் நிம்மதி கிடைத்தது.

ஆகவே கையால் எடுப்பதே வழி. ஆனால் எங்கே அடைத்திருக்கிறது என்று தெரியாமல் கை வைக்க வேண்டாம். இரவில் குழாயை மூடிவிட்டு, தேங்கிய தண்ணீர் மெல்ல இறங்கும்வரை விட்டுவிடுங்கள். காலையில் ஒரு லிட்டர் அளவுள்ள செம்பால் அளந்து ஊற்றுங்கள். இரண்டு அங்குலக் குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் கொள்ளும். முதல் செம்பிலேயே தண்ணீர் எழும்பி நின்றால் அடைப்பு சிங்க்கின் அடியிலேயே இருக்கிறது. ஆறு செம்பு வாங்கிக்கொண்டபின் எழும்பினால் மூன்று மீட்டர் தள்ளி, அனேகமாகச் சுவரைத் தாண்டி முற்றத்துக் குழாயில் இருக்கிறது. இது துல்லியக் கணக்கன்று. தண்ணீர் சிறிதளவு கசிந்து போய்க்கொண்டிருந்தால் தூரம் கூடுதலாகத் தோன்றும். என்றாலும் தரையை எங்கே உடைப்பது என்ற கேள்வி வரும்போது இந்தக் கணக்கு பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும்.

உங்கள் குழாயில் காஸ்டிக் மிச்சம் இருக்கக்கூடும் என்பதால் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு, நிறையத் தண்ணீர் விட்டு அலசிய பிறகே எதையும் கழற்றுங்கள். சிங்க்கின் அடியில் ஒரு வாளியை வையுங்கள். கிண்ணம்போலவோ வளைவாகவோ இருந்து, கொஞ்சம் தண்ணீரை எப்போதும் தேக்கி வைக்கும் பகுதிக்கு டிராப் என்று பெயர். அதன் திருகுமரையைக் கையாலேயே இடப்புறமாகத் திருகினால் கழன்றுவிடும். உள்ளிருப்பதை வழித்து எடுத்து, வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு, கழுவி மாட்டுங்கள். டிராப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வாளித் தண்ணீரைப் பழக்கதோஷத்தில் சிங்க்கிலேயே கொட்டிக் கால் நனைத்துக்கொண்டவர்கள் பலர். வாளியை வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். சிங்க்கிலிருந்து இறங்குவது மடிப்பு மடிப்பான வெள்ளை நெளிகுழாயாக இருந்தால் அதைக் கழுவிப் பயனில்லை. ஒவ்வொரு மடிப்பும் பிசுக்குக்கு ஓர் இருக்கை. உட்புறம் வழவழப்பான குழாயாக மாற்றிவிடுங்கள்.

அடைப்பு தள்ளி இருந்தால் முதலில் பிளஞ்சர் எனப்படும் ரப்பர்க் கிண்ணத்தைப் பயன்படுத்துங்கள். காஸ்டிக் போட்ட அன்று அதைத் தொட வேண்டாம்; தெறிக்கும். கிண்ணம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். இரட்டைத் தொட்டியாக இருந்தால் மற்றத் துளையை ஈரத்துணியால் இறுக அடைக்க வேண்டும். பலரும் பலங்கொண்டு அமுக்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள். சடக்கென்று மேலே இழுப்பதுதான் கட்டியை அசைக்கும். இருபது முறை செய்தும் அசையவில்லை என்றால் சுருள் கம்பி வைத்திருக்கும் பிளம்பரை அழையுங்கள். சிங்க் பக்கமிருந்து தள்ளச் சொல்லாமல், முற்றத்துக் குழாய்வாயிலிருந்து உள்நோக்கி விடச் சொல்லுங்கள். தள்ளிய கட்டி நிலத்தடி வளைவில் போய் உட்கார்ந்துகொண்டால் அதன்பின் கடப்பாரைதான்.

சரியானபின், எண்ணெய்ச் சட்டியைக் கழுவுமுன் பழைய செய்தித்தாளாலோ ஒரு பிடி தேங்காய்த் தும்பாலோ துடைத்துவிடுங்கள். ஏத்தங்காய் வறுத்து மிஞ்சிய எண்ணெயை ஒருநாளும் சிங்க்கில் ஊற்ற வேண்டாம். நான் சொல்பவற்றில் ஒன்றைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இந்தத் துடைப்பதைப் பின்பற்றுங்கள்.

குளச்சலிலிருந்து ஒரு வாசகர்: நான் வளைகுடாவில் வேலை பார்க்கிறேன். வீடு எட்டு, ஒன்பது மாதங்கள் பூட்டியே கிடக்கும். ஊருக்கு வந்து கதவைத் திறந்தால் அடுக்களையில் சாக்கடை நாற்றமும் கரப்பான் கூட்டமுமாக இருக்கிறது. தண்ணீர் நன்றாக இறங்குகிறது. அடைப்பு இல்லாமலேயே ஏன் இப்படி?

பதில்: உங்கள் டிராப் வறண்டுவிட்டது. அந்த வளைவில் எப்போதும் நிற்கும் இரண்டு அங்குல அளவுத் தண்ணீர்தான் வீட்டுக்கும் சாக்கடைக்கும் இடையிலுள்ள கதவு. மாதக்கணக்கில் புழங்காதபோது அது ஆவியாகிப்போகிறது, கதவு திறந்துகொள்கிறது. அடுத்த முறை புறப்படும்போது எல்லாத் தரைத்துளைகளிலும் சிங்க்கிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு கரண்டி நல்லெண்ணெயை விட்டுவிட்டுப் போங்கள். எண்ணெய் ஏடு ஆவியாவதைத் தடுத்துவைக்கும். சாவி வைத்திருக்கும் உறவினர் மாதம் ஒருமுறை வந்து தண்ணீர் ஊற்றினால் எண்ணெயும் தேவையில்லை.

வீட்டில் ஆள் இருக்கும் நாட்களிலும் நாறினால் வேறு காரணம். சிங்க்கின் நெளிகுழாயைத் தரைத்துளைக்குள் வெறுமனே சொருகிவிட்டுப் போயிருப்பார்கள். சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். துளைக்கு அளவான ரப்பர் வளையம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. அதைப் போட்டு மூடுங்கள்.

சுசீந்திரம் அருகிலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீடு வயலை ஒட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் சிங்க்கில் தண்ணீர் தேங்குகிறது. தை பிறந்தால் தானாகச் சரியாகிவிடுகிறது. பிளம்பர் இரண்டு முறை கம்பி விட்டும் ஒன்றும் வரவில்லை. கழிவுநீர் பின்புறத்து உறிஞ்சு குழிக்குப் போகிறது. குழிக்குள் ஆளை இறக்கிச் சேறு எடுத்தால் சரியாகும் என்கிறார் கொத்தனார்.

பதில்: ஆளை இறக்க வேண்டாம். மூடிய குழிக்குள் நிற்கும் வாயுவுக்கு நிறமும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் மாண்டுபோகும் செய்திகளை எத்தனை முறை படித்துவிட்டோம். கழிவுநீர்க் குழாய்களிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. உங்கள் குழி எந்தக் கணக்கில் வரும் என்று ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். உறிஞ்சும் இயந்திரம் பொருத்திய லாரியை வரவழையுங்கள்.

ஆனால் சேறு எடுத்தாலும் உங்கள் சிக்கல் தீராது என்றே நினைக்கிறேன். நம் மாவட்டத்துக்கு ஆனி, ஆடியில் தென்மேற்கு மழையும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழையும் உண்டு. மழையில் வயலும் நிறைந்து நிலத்தடி நீர் மேலேறி நிற்கும்போது, குழியைச் சுற்றியுள்ள மண்ணே ஈரத்தில் ஊறியிருக்கிறது. அதற்கு இன்னொரு வாளி தண்ணீரைக் குடிக்க இடமில்லை. மொட்டைமாடி மழைநீரும் அதே குழிக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் முதல் வேலையாக அதைப் பிரித்துவிடுங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,300 லிட்டர் தண்ணீர் இறங்கும். எந்தக் குழியும் அதைத் தாங்காது.

அடுத்ததாக, அடுக்களைத் தண்ணீரை ஆழக்குழிக்கு அனுப்பாமல் மேல்மண்ணுக்கே அனுப்புங்கள். வாழை மூட்டிலும் தென்னை மூட்டிலும் அடுக்களைத் தண்ணீரை விட்ட நம் பெரியவர்கள் செய்தது சரியான வேலை. மேடான இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, சல்லி நிரப்பி, இருபுறமும் வாழை வையுங்கள். ஒரே மூட்டில் நாள்தோறும் சோப்புத் தண்ணீர் விழாதபடி வாய்க்காலை நீளமாக அமைப்பது மண்ணுக்கு நல்லது. குடிநீர்க் கிணற்றுக்கும் இதற்கும் 50 அடி இடைவெளியாவது வேண்டும்.

வாய்க்காலுக்கு முன்னால் ஒரு கொழுப்புத் தொட்டி கட்டாமல் விட்டால் சல்லி ஓராண்டில் பிசுக்கேறி அடைத்துக்கொள்ளும். ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள சிறு தொட்டி போதும். அதன் சூட்சுமம் வெளியேறும் குழாயில் இருக்கிறது. அங்கே ஆங்கில T எழுத்து வடிவ இணைப்பு ஒன்றைப் பொருத்தி, அதன் கீழ்க்காலைத் தண்ணீருக்குள் அரையடி முக்கிவிட வேண்டும். எண்ணெய் மேலே மிதக்கும். சோறும் சக்கையும் அடியில் தங்கும். நடுவிலுள்ள தெளிந்த நீர் மட்டும் அந்தக் கால் வழியாக ஏறி வெளியேறும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, மேலே மிதக்கும் எண்ணெய் ஏட்டைப் பழைய கரண்டியால் அள்ளிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் கொசு பெருகும்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளத்தில் இருக்கிறோம். நாங்கள் வெளியூர் போயிருந்தபோதும் எங்கள் சிங்க் நிரம்பி அடுக்களைத் தரையில் தண்ணீர் ஓடியிருக்கிறது. மேல்வீட்டார் தங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வது உண்மை, அதுவே உங்கள் கேள்விக்கு விடையும் ஆகும். எல்லா வீட்டு அடுக்களைத் தண்ணீரும் ஒரே செங்குத்துக் குழாயில் இறங்குகிறது. அடைப்பு அந்தக் குழாயின் அடியிலோ அதற்கும் முற்றத்துத் தொட்டிக்கும் இடையிலோ இருக்கிறது. மேலிருந்து வரும் தண்ணீர் அங்கே முட்டி, கிடைத்த முதல் திறப்பான உங்கள் சிங்க் வழியாக எழும்புகிறது. இதை உங்கள் வீட்டுக்குள்ளிருந்து பிளஞ்சர் போட்டுச் சரிசெய்ய முயலாதீர்கள். செங்குத்துக் குழாய் தரையைத் தொடும் வளைவில் திருகாணிகளோடு ஒரு சிறு மூடி இருக்கும். டோர் பெண்ட் என்பார்கள். எல்லா வீட்டாரும் அரைமணி நேரம் தண்ணீரை நிறுத்திக்கொள்ள, அந்த மூடியைத் திறந்து கம்பி விட வேண்டும். செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்வதே நியாயம், ஏனெனில் அந்தக் கொழுப்பு எல்லா வீட்டிலிருந்தும் வந்தது.

கருங்கலிலிருந்து ஒரு வாசகி: புதுவீடு கட்டுகிறோம், அடுத்த மாதம் அடுக்களைத் தரை வேலை. பின்னால் தொல்லை வராமலிருக்கக் குழாய் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். சரிவைத்தான் முதலில் பாருங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டர் இறக்கம் வேண்டும். மட்டப்பலகை வைத்து நீங்களே நின்று பாருங்கள். மண் போட்டு மூடியபின் யாராலும் காட்ட முடியாது. குழாய் இரண்டு அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு செங்கோண எல்போவைப் போடாமல், 45 பாகை வளைவு இரண்டைச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். குழாய் சுவரைத் தாண்டும் இடத்திலும் ஒவ்வொரு திருப்பத்திலும் திறந்து பார்க்க ஒரு வாய் இருக்கட்டும். அதன்மேல் ஓடு பதித்து மறைத்துவிட்டு அழகாக இருக்கிறது என்று சொல்பவரை விடாதீர்கள். தென்னை மூட்டுக்கு அருகில் குழாய் போனால் பசை போட்ட இணைப்புகளே இருக்கட்டும். கசியும் இணைப்பைத் தேடித் தென்னை வேர் உள்ளே புகுந்து, முடிக்கற்றைபோல் பின்னிக்கொள்ளும்.

பதித்து முடித்ததும், மூடுவதற்கு முன், கடைசி வாயைத் தண்ணீர் கசியாதபடி இறுக அடைத்து, குழாய் முழுவதும் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு வையுங்கள். காலையில் நீர்மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. கசியவில்லை என்றால் குழாயின் அருகே அளவு நாடாவை விரித்து வைத்து, சுவரிலிருந்து எத்தனை அடி, தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்பது தெரியும்படி செல்பேசியில் படம் எடுங்கள். அதை அச்சிட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கும் உறையிலேயே வைத்துவிடுங்கள்.